ஃபோக்ஸ்வேகனின் கீர்த்தியும் அபகீர்த்தியும்



மோட்டார்த் தொழிலில் பேர்பெற்ற ஜெர்மானிய நிறுவனம் ஏதேனும் ஒன்றின் சரித்திரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இச்சங்கத்தின் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, செல்வர் வீட்டு வாசலை அலங்கரிக்கும் மெர்சிடஸையோ, நம் செங்கற்பட்டுக்கு அருகிலேயே தொழிற்சாலை நடத்திவரும் பி.எம்.டபிள்யூவையோ நான் தேர்ந்துகொள்வேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றின் சரித்திரமும் சுவையானதே. ஆயினும் நான் தேர்ந்துகொண்டது ஃபோக்ஸ்வேகன். ஒரு சர்வாதிகாரியின் வாக்குறுதியாகப் பிறந்து, யுத்தகாலத்தில் அடிமைகளின் உழைப்பில் நடந்து, தோற்றுப்போன தேசத்தில் வெற்றிபெற்றவர்களின் கையாலேயே உயிர்பெற்று, ஒரு தலைமுறைக்காலம் உலகமெங்கும் நேர்மையான பொருளுக்கு உதாரணமாக எடுத்துக்காட்டப்பெற்று, பின்னர்த் தன் கையாலேயே அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்ட நிறுவனம் அது. அந்தக் கீர்த்தி எங்கிருந்து வந்தது, யார் தேடிக்கொடுத்தது என்பதே இன்றைய விஷயம். என் அபிப்பிராயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: அதைத் தேடிக்கொடுத்தவர்கள் வண்டியைக் கற்பனை செய்த மேதைகள் அல்லர், வண்டியைப் பரிசோதித்தவர்களே.

1933இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லருக்கு மோட்டார் வண்டியின்மேல் அளவுகடந்த மோகம். மறு ஆண்டே, ஜூன் மாதத்தில், ஜெர்மானிய மோட்டார்த் தொழிலதிபர்களின் சங்கம் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்னும் பொறியியல் வல்லுநரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சாதாரணக் குடும்பம் ஒன்று ஏறிச் செல்லும்படியாகவும், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சளைக்காமல் ஓடும்படியாகவும், கொட்டகை இல்லாதவன் வீட்டு வாசலில் பனிக்காலத்து இரவிலும் உறைந்துபோகாமல் நிற்கும்படியாகவும் வண்டி அமைய வேண்டும். ஆதலால் இயந்திரம் நீரால் அன்றிக் காற்றாலேயே குளிர வேண்டும். இத்தனைக்கும் விலை ஆயிரம் மார்க்கைத் தாண்டலாகாது. 990 மார்க் என்று முடிவாயிற்று. அந்த விலைக்கு அப்படியொரு வண்டியைச் செய்து லாபம் காண முடியாதென்று தொழிலதிபர்கள் ஒவ்வொருவராய் ஒதுங்கிக்கொள்ள, நாஜிக் கட்சியின் தொழிலாளர் அமைப்பு, தான் கலைத்துப்போட்ட தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்துக்கொண்ட சொத்தை முதலாகக் கொண்டு, ஆலையைத் தானே கட்ட முன்வந்தது. 1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லேபன் என்ற சிற்றூருக்கு அருகே ஹிட்லர் அஸ்திவாரக் கல் நாட்டினார்.

வண்டி வாங்க விரும்புகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு திட்டம் வகுத்தார்கள். வாரந்தோறும் ஐந்து மார்க் கொடுத்துத் தபால்தலை போன்ற ஒரு வில்லையை வாங்கி அட்டையில் ஒட்டிவர வேண்டும்; வண்டியின் விலை சேர ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆகும்; கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது; அட்டையைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்கவும் இயலாது. நம்மூரில் ஓடிப்போன சீட்டுக் கம்பெனிகளின் வாசலில் நின்று பழகியவர்களுக்கு இத்திட்டத்தின் இலக்கணம் சொல்லாமலே விளங்கும். மூன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் தொழிலாளர் சிலரே, நடுத்தர வகுப்பினரே பலர். அட்டை நிறைந்தவர்களில் ஒருவருக்கேனும் வண்டி கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் அவர்கள் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்துப் பல்லாண்டு அலைந்து, 1961இல் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: புதிய வண்டி வாங்கினால் அறுநூறு மார்க் வரை தள்ளுபடி, வேண்டாமென்றால் நூறு மார்க் ரொக்கம்.

வண்டியின் வடிவம் யாருடைய சிந்தனை என்பதிலும் வழக்கு உண்டு. செக்கோஸ்லோவாகியாவில் டாட்ரா நிறுவனத்துக்காக ஹான்ஸ் லெட்விங்கா செய்த வண்டிகளுக்கும் போர்ஷேயின் வண்டிக்கும் ஒற்றுமை மிகுதி. அந்நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை ஹிட்லரின் படை அந்நாட்டுக்குள் புகுந்ததும் அடங்கிப்போய், யுத்தத்துக்குப் பின் மீண்டும் எழுந்து, 1960களில் இழப்பீடு கொடுத்தே தீர்க்கப்பட்டது. ஜோசஃப் கான்ஸ் என்ற யூதப் பொறியாளர் இத்தகைய சிறு வண்டிக்காகப் பத்திரிகையில் ஓயாது வாதாடியதோடு, தாமே மாதிரி வண்டிகளையும் செய்து ஓட்டிக் காட்டியவர். அவர் ஜெர்மனியை விட்டு ஓட நேர்ந்து, கடைசியில் ஆஸ்திரேலியாவில் காலமானார். போர்ஷேயின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பலர் கையில் சிதறிக் கிடந்ததை ஓடும் வண்டியாகச் சேர்த்தது அவர் செயலே. ஆயினும் தந்தை என்ற பட்டத்தை அவர் ஒருவருக்கே சூட்டிவிடுவது பாட நூல்களுக்கு இருக்கும் சோம்பலால் வந்த வழக்கம்.

யுத்தம் வந்தது, ஜனங்களுக்காகக் கட்டிய ஆலை ராணுவத்துக்கு வண்டி செய்யத் தொடங்கிற்று. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளும், லண்டன் மாநகரின்மேல் விழுந்த வி-1 பறக்கும் குண்டுகளின் பாகங்களும் அங்கே உருவாயின. அவற்றைச் செய்தவர்கள் யார்? போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிடித்துவரப்பட்ட ஆண்களும் பெண்களும், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், இத்தாலியப் போர்வீரர், சித்திரவதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர் ஆகிய இவர்களே; 1944இல் ஆலையின் தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் கட்டாய உழைப்பாளிகள். அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ரூயன் என்ற ஊரில் ஒரு விடுதியில் வைத்தார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிசுக்கள் அங்கே கவனிப்பாரின்றி மாண்டன. அவ்விடுதிக்குப் பொறுப்பாயிருந்த ஆலை மருத்துவரைப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது; 1947இல் தண்டனை நிறைவேறியது. இதை நான் விரைந்து சொல்லிக் கடப்பது சிறிய விஷயம் என்பதனால் அன்று. விரித்துச் சொல்லும் மனவலிமை எனக்கு இல்லை. நிறுவனமே 1986இல் ஹான்ஸ் மொம்சன் என்ற சரித்திராசிரியரிடம் இந்த ஆராய்ச்சியை ஒப்படைத்து, அவரும் மான்ஃப்ரெட் கிரீகரும் சேர்ந்து எழுதிய ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. ஜெர்மன் மொழி அறிந்தவர்கள் யாரேனும் இங்கிருந்தால் அதைப் படிக்கட்டும்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையும் ஜூனில் பிரிட்டிஷாரும் வந்து சேர்ந்தபோது ஆலையின் கூரையில் பெரும்பகுதி குண்டுகளால் பிளந்து கிடந்தது. ஊருக்கு வோல்ஃப்ஸ்பர்க் என்று அருகிலிருந்த கோட்டையின் பெயரைச் சூட்டினார்கள். ஆகஸ்டில் அங்கே பொறுப்பேற்க வந்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் இருபத்தொன்பது வயது பிரிட்டிஷ் மேஜர். ராணுவத்தின் இயந்திரப் பிரிவைச் சேர்ந்தவர். ஆலையைப் பிரித்து நஷ்டஈடாக எடுத்துச் செல்வதென்று ஒரு யோசனை இருந்தது. பிரிட்டிஷ் மோட்டார்த் தொழிலதிபர்களோ வந்து பார்த்துவிட்டு, இந்த வண்டிக்கு எதிர்காலமே இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள். தொழில் வல்லவர்களின் தீர்க்கதரிசனம் எவ்வளவு மதிக்கத்தக்கது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை! ஹர்ஸ்ட் செய்தது மிக எளிய காரியம். அங்கே கிடந்த வண்டி ஒன்றுக்கு ராணுவ வண்ணம் பூசி மேலதிகாரிகளிடம் அனுப்பி ஓட்டிக் காட்டச் செய்தார். வண்டிப் பஞ்சத்தால் தவித்துக்கொண்டிருந்த ராணுவ நிர்வாகம் இருபதினாயிரம் வண்டிகளுக்கு உத்தரவு போட்டது, ஆலை பிழைத்தது.

எஃகுத் தகடு இல்லை, கரி இல்லை, சோறும் இல்லை. 1946 அக்டோபரில் பத்தாயிரமாவது வண்டி வெளிவந்தபோது, அதைச் சூழ்ந்து நின்ற தொழிலாளர் அட்டைகளில் எழுதி வைத்திருந்த வாசகம் இன்றும் புகைப்படத்தில் காணக்கிடக்கிறது: பத்தாயிரம் வண்டி ஆயிற்று, வயிறோ காலி, இதை யார் தாங்குவது என்பது அதன் கருத்து. இந்த நிலையில், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதே பெரிய புண்ணியம் என்று எந்த நிர்வாகியும் நினைத்திருப்பான். ஹர்ஸ்ட் பரிசோதனைப் பிரிவை வலுப்படுத்தினார். வண்டி கெட்டுப்போனால் பழுதுபார்ப்பதற்கும் உதிரிபாகம் அனுப்புவதற்கும் முறையான ஏற்பாடு செய்தார். வாங்குகிறவர் ராணுவம், அதுவும் தம்முடைய ராணுவம், குறை இருந்தாலும் ஏற்றுக்கொண்டுவிடும் என்று தெரிந்திருந்தும் செய்தார். அவர் பெருமையை நான் அங்கேதான் காண்கிறேன்.

1948 ஜனவரியில் நிர்வாகத்தை ஏற்ற ஹைன்ரிஷ் நார்ட்ஹாஃப், முன்பு ஓப்பல் நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர். யுத்தகாலத்துப் பதவியின் காரணமாக அமெரிக்கப் பிரதேசத்தில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டிருந்தது. 1949 அக்டோபரில் பிரிட்டிஷார் ஆலையை ஜெர்மானியரிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். பீட்டில் என்று உலகம் அன்போடு அழைத்த அந்த வண்டின் உருவை, ஆண்டுதோறும் புதுமுகம் காட்டும் அமெரிக்க வழக்கம் எவ்வளவோ கவர்ச்சியாயிருந்தும், நார்ட்ஹாஃப் மாற்ற மறுத்தார். உள்ளே இருக்கும் பாகங்களை மட்டும் ஓயாது திருத்திக்கொண்டே இருந்தார். பின்புறத்துக் கண்ணாடி 1953 வரையில் நடுவே தண்டு வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தது. பிறகு நீள்வட்டம் ஆயிற்று. 1957இல் அகன்ற சதுரம் ஆயிற்று. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் முள் 1961 வரையில் அந்த வண்டியில் கிடையாது என்றால் இக்காலத்து மாணவர்கள் நம்பமாட்டீர்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் திணறத் தொடங்கும். உடனே காலருகே உள்ள ஒரு சிறு திருகைத் திருப்பினால், தொட்டியின் அடியில் சேமமாக இருக்கும் ஐந்து லிட்டர் இறங்கும். அதற்குள் பெட்ரோல் நிலையத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். பிற்காலத்தில் முன்கண்ணாடியைக் கழுவும் நீரைப் பீய்ச்ச, உதிரிச் சக்கரத்தில் அடைத்த காற்றையே பயன்படுத்தினார்கள். இவையெல்லாம் கஞ்சத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் இல்லாத பாகம் பழுதாவதில்லை.

உதிரிபாகமும் பயிற்சிபெற்ற மெக்கானிக்கும் இல்லாத கடையில் வண்டி விற்கலாகாது என்பதில் நார்ட்ஹாஃப் கண்டிப்பாயிருந்தார். வெளிநாடுகளில் கிடைத்த நற்பெயருக்கு வண்டியின் அமைப்பைவிட இந்தக் கண்டிப்பே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். 1949இல் அமெரிக்காவில் விற்ற பீட்டில் இரண்டே இரண்டு. 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது பீட்டில் ஆலையை விட்டு வெளிவந்துவிட்டது.

இங்கே விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1959இல் நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற நிறுவனம் ஃபோக்ஸ்வேகனின் விளம்பரப் பணியை ஏற்றது. அதன் தலைவர்களில் ஒருவரான வில்லியம் பெர்ன்பாக் யூதர் என்பதும், ஹிட்லர் கல் நாட்டிய ஆலையின் பொருளை விற்றுத்தர அவர் இசைந்தார் என்பதும் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. வெற்றுத்தாளின் மூலையில் ஒரு சிறு வண்டிப்படம். சிறிதாக நினையுங்கள் என்று ஓர் அறிவுரை. மறு ஆண்டில் வந்த விளம்பரம் இன்னும் துணிச்சலானது: ஒரு பீட்டிலின் படத்தைப் போட்டு அதன் கீழே எலுமிச்சை என்று ஒரே சொல் அச்சிட்டிருந்தது. வாங்கி ஏமாந்த சொத்தைப் பொருளை அமெரிக்கர் அப்படித்தான் வைவார்கள். தன் பொருளைத் தானே வைதுகொள்ளும் விளம்பரமா என்று திகைத்துப் படித்தவனுக்குக் கீழே விடை இருந்தது: படத்திலுள்ள வண்டியின் முன்பலகைப் பெட்டியில் ஒட்டிய குரோமியப் பட்டையில் ஒரு கறை, பரிசோதகர் பார்த்துவிட்டார், வண்டி கப்பலேறவில்லை, வோல்ஃப்ஸ்பர்க்கில் பரிசோதிப்பதற்கென்றே 3,389 பேர் இருக்கிறார்கள். இவ்விளம்பரம் எடுபட்டதற்குக் காரணம் அதன் சாமர்த்தியம் மட்டுமன்று. அண்டை வீட்டுக்காரனின் பீட்டிலைப் பார்த்திருந்த அமெரிக்கனுக்கு அது மெய்யென்றும் பட்டது. (2010 செப்டம்பரில் இதே நிறுவனம் ‘தி இந்து’ நாளிதழில், பக்கத்தைப் பிரித்தவுடன் பேசும் கருவி ஒன்றை ஒட்டி, நம்மில் பலரைக் காலைக் காப்பியோடு திடுக்கிட வைத்தது நினைவிருக்கும். அந்தக் கருவி உரக்கப் பேசிற்று. என்ன பேசிற்றென்று யாருக்கும் நினைவில்லை.)

அடுத்த நாற்பது ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1972 பிப்ரவரியில் பீட்டில், ஃபோர்டின் ‘டி’ மாதிரி வண்டியின் எண்ணிக்கையை முந்திற்று; ஆனால் ஒரே வண்டியை நம்பியிருந்ததன் பலனாக இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் பெருநஷ்டத்தில் விழுந்தது. ஆடி நிறுவனத்தை வாங்கியதால் கிடைத்த தொழில்நுட்பத்தைக் கொண்டு, நீரால் குளிரும் இயந்திரத்தை முன்புறத்தில் வைத்துச் செய்த பஸாட்டும் கால்ஃபும் அதைக் கரையேற்றின. கடைசிப் பீட்டில் 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது; மொத்தம் 2,15,29,464.

இனி அபகீர்த்திக்கு வருவோம். டீசல் வண்டி எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை மிகுதியாகக் கக்கும். அவற்றை அமெரிக்கச் சட்டத்தின் கடுமையான வரம்புக்குள் அடக்கியதாகச் சொல்லி, தூய டீசல் என்ற பெயரில் 2009 மாதிரி முதற்கொண்டு நிறுவனம் விற்றுவந்தது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறு ஆராய்ச்சிக் குழு ஒன்று, குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கம் ஏதுமின்றி, சாலையில் ஓடும்போது இவ்வண்டிகள் எவ்வளவு புகை விடுகின்றன என்று அளக்கப் புறப்பட்டது. அக்குழுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் இருந்தார் என்பது இந்தச் சபைக்கு மகிழ்ச்சி தரும். ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போது வண்டி நகராது. சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழலும், ஸ்டியரிங் அசையாமல் நிற்கும். இவர்களோ அளவுக் கருவிகளையும், அவற்றுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரையும் வண்டியின் பின்புறத்தில் ஏற்றி, புகைக்குழாயோடு இணைத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டினார்கள். ஒரு வண்டியை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் பரிசுத்தமாயிருந்த ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் வரம்பைப்போல் பதினைந்து முதல் முப்பத்தைந்து மடங்கு வரை கக்கிற்று. உடன் சோதித்த பி.எம்.டபிள்யூ வண்டியோ பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே நின்றது.

2014இல் இம்முடிவு வெளியானதும் அரசு அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள். நிறுவனம் ஓராண்டுக்கு மேல் ஏதேதோ சமாதானம் சொல்லி, வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாகவும் பாவனை செய்தது. கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் அந்தத் திருத்தத்தையும் விடாமல் சோதித்தபோது உண்மை வெளிவந்தது. ஸ்டியரிங்கின் நிலை, வேகம், இயந்திரம் ஓடும் நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு, தான் பரிசோதனைக் கூடத்தில் இருப்பதை வண்டியே அறிந்துகொள்ளும்படி அதன் கணினியில் எழுதி வைத்திருந்தார்கள். பரிசோதகர் முன்னால் மட்டும் அது சுத்தமாக நடந்துகொள்ளும்; சாலைக்கு வந்ததும் பழையபடி, சில வண்டிகளில் வரம்புக்கு நாற்பது மடங்கு வரையில். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஐந்து நாளில் தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார். அந்த ஆண்டின் முதற்பாதியில்தான் விற்பனையில் டொயோட்டாவை முந்தி உலகின் முதலிடத்தைப் பிடித்திருந்தது ஃபோக்ஸ்வேகன்.

எல்லா நிறுவனங்களும் ஏதோ ஒரு தந்திரம் செய்துகொண்டுதான் இருக்கின்றன, அகப்பட்டவன் ஃபோக்ஸ்வேகன் என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. மற்ற நிறுவனங்கள் சிலவும் பின்னர் இவ்வகை வழக்குகளில் சிக்கியது உண்மையே. ஆயினும் அந்தச் சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். யுத்தகாலத்துக் கொடுமையின் முன்னே இது அற்பம், ஐயமில்லை. அங்கே மனிதர் கண்ணெதிரே மாண்டார்கள். ஆனால் அந்தக் காலத்துக்கு ஒரு கொடுங்கோல் அரசைச் சுட்டிக்காட்டவேனும் வழியிருந்தது. இதைச் செய்யச் சொல்லி எந்த அரசும் வற்புறுத்தவில்லை. இதைச் செய்தவர்கள் நல்ல சம்பளம் பெற்ற, நன்கு படித்த பொறியாளர்கள். 3,389 பரிசோதகர்களின் பெயரால் ஈட்டிய நம்பிக்கையைச் செலவழித்தே பரிசோதகனை ஏமாற்றினார்கள்.

2017இல் டெட்ராய்ட் நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் தண்டமும் அபராதமுமாக 430 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அத்தோடு, தன் அலுவலகங்களுக்குள் புகுந்து எதையும் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் உள்ள வெளிக் கண்காணிப்பாளர் ஒருவரை மூன்றாண்டுக் காலம் ஏற்க வேண்டுமென்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அமெரிக்க நீதித்துறையில் முன்பு துணைத் தலைமை வழக்கறிஞராக இருந்த லாரி தாம்ப்சன் அப்பணிக்கு நியமிக்கப்பெற்றார். 2020 செப்டம்பரில் அவர் சான்றளித்து விடைபெறும் வரையில், வோல்ஃப்ஸ்பர்க்கில் அந்நியப் பரிசோதகர் ஒருவர் இருந்துவந்தார்.